புகார் சொல்ல வழியில்லாத உறவு

பெண்கள் சிறையில் கவுன்சலிங் கொடுக்கிறேன் என்றால் போதும், "உள்ளே அந்த மாதிரி எல்லாம் நடக்குமாமே?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். கைதிப் பெண்களுக்குள் காதல் உறவு நடக்கிறது, புதிதாகவும் அல்ல. அமெரிக்கச் சீர்திருத்தப் பள்ளிப் பெண்களிடையே இருந்த காதலைப் பற்றி 1913-லேயே ஓர் உளவியல் இதழ் எழுதியது. 1960-களில் மேற்கு வர்ஜீனியாவின் ஆல்டர்சன் சிறையில் நடந்த ஆய்வு, கைதிகள் கணவன் மனைவியாக மட்டுமின்றி அம்மா, மகள் என்று முறை வைத்துக் குடும்பமாகவே வாழ்ந்ததைப் பதிவு செய்தது.

ஒருத்தி முடியை ஒட்ட வெட்டிக்கொள்வாள். நடை மாறும், பிளாக்கே 'அவன்' என்று கூப்பிடும். இன்னொருத்தி அவளுடைய துணிகளைத் துவைப்பாள், தன் கேன்டீன் கணக்கில் சோப்பு வாங்கித் தருவாள். வெளியே புருஷனிடம் அடி வாங்கியவள் இங்கேயும் "கேட்காமல் யாரிடமும் பேசமாட்டேன்" என்று சொல்லும்போது எனக்கு மனசு கனக்கும்.

அதற்காக எல்லோரையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். வெளியே போனதும் அந்த வேடத்தைக் கழற்றி வைப்பவர்கள் உண்டு. முன்பிருந்தே பெண்களை நேசிப்பவர்கள் உண்டு. திருநம்பிகளும் உண்டு, அவர்களுக்கு அது வேடமே இல்லை. பிள்ளைகளைப் பிரிந்து, பார்க்க வருகிறவர்களும் ஒவ்வொருவராக நின்றுபோன பிறகு, பக்கத்துப் படுக்கையில் ஒருத்தி "சாப்பிட்டாயா" என்று கேட்பது பலருக்கு உயிர்ப்பிடி.

என் கவலை வேறு. பல சிறைகளில் உறவே குற்றம். தெரிந்தால் இருவருக்கும் தண்டனை: தனியறை, பிளாக் மாற்றம், சில இடங்களில் குடும்பச் சந்திப்பும் ரத்து. குடும்பத் தொடர்பைத் துண்டிப்பதைத் தண்டனையாகத் தரக்கூடாது என்று பெண் கைதிகளை நடத்துவது பற்றிய ஐ.நா.வின் 2010 பாங்காக் விதிகளில் 23-ஆவது விதி சொல்கிறது. சரி, உறவே குற்றமென்றால் மிரட்டப்படுகிறவள் யாரிடம் போவாள்? புகார் கொடுத்தால் அவளும்தானே மாட்டுவாள்! மிரட்டுகிறவளுக்கு, உறவைக் குற்றமாக்கும் சிறை விதியே காவல்.

ஆகவே காவலர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். "என்ன செய்தீர்கள்?" என்ற விசாரணை வேண்டாம். உறவில் இருப்பவளைத் தனியாக உட்கார வைத்து, "அவளிடம் முடியாது என்று சொன்னால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். "கோபித்துக்கொள்வாள், அப்புறம் சரியாகிவிடும்" என்பது ஒரு பதில். பேச்சே வராமல் கதவைப் பார்ப்பதும் ஒரு பதில்தான். மாதாமாதம் கேன்டீன் கணக்கு காலியாவது, வீட்டுக்குப் போன் பேசுவதைத் திடீரென நிறுத்துவது, இதையெல்லாம் கவனியுங்கள். காவலருக்கும் கைதிக்கும் இடையிலான 'உறவு' இந்தப் பேச்சிலேயே வராது. சாவி ஒருவர் கையில் இருக்கும்போது சம்மதம் என்று ஒன்று கிடையாது.

இன்னொன்று, பெரும்பாலும் யாரும் யோசிக்காதது. ஒருத்தி விடுதலையாகும் நாளில் இன்னொருத்தி அங்கேயே இருக்கிறாள். துக்கம் என்று வாய்விட்டுச் சொல்லவும் அவளுக்கு உரிமையில்லை. சாப்பாட்டை ஒதுக்குவதும் கையைக் கீறிக்கொள்வதும் அந்த நாட்களில்தான் ஆரம்பிக்கலாம். விடுதலைத் தேதி முன்கூட்டியே தெரியுமென்றால் இரவுப் பணிக்காவலரிடம் உள்ளே இருப்பவளின் பெயரைச் சொல்லி வையுங்கள், அந்த வாரமே ஆலோசகரைச் சந்திக்க ஏற்பாடு செய்யுங்கள். வெளியே போனவளிடமிருந்து கடிதம் வந்தால் தாமதிக்காமல் அவளிடம் கொடுத்துவிடுங்கள்.