மிடி: சொல்லும் பொருளும்

மின்னணு இசைக்கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பிக்கொள்வதற்கென வகுக்கப்பட்ட பொது விதிமுறையே மிடி எனப்படுகிறது. 'மியூசிக்கல் இன்ஸ்ட்ருமென்ட் டிஜிட்டல் இன்டர்ஃபேஸ்' என்னும் நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்து இப்பெயர் அமைந்தது. தமிழில் இதை எழுதும்போது நம் பழஞ்சொல்லான மிடி, அதாவது வறுமை, குறுக்கே வந்து நிற்கிறது. மொரிசியசில் வாழும் தமிழருக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. இங்கே பேசப்படும் பிரெஞ்சிலும் கிரியோலிலும் அதே ஒலியுடைய சொல் நண்பகலைக் குறிக்கும். ஆயினும் உலகெங்கும் கருவிகளின் முதுகில் பொறிக்கப்பட்டிருப்பது இப்பெயரே என்பதால், பெயரை அப்படியே வைத்துக்கொண்டு பொருளைத் தமிழில் தெளிவாக்குவதே தக்க வழி என்று கருதுகிறேன்.

1980க்கு முன்பு, ஒரு நிறுவனத்தின் சிந்தசைசரை, அதாவது மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கருவியை, மற்றொரு நிறுவனத்தின் கருவியோடு இணைத்து இயக்குவது பெரும்பாடாக இருந்தது. அமெரிக்காவின் சீக்வென்ஷியல் சர்க்கியூட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த டேவ் ஸ்மித், செட் வுட் ஆகிய இருவரும் 1981இல் ஒரு பொது இணைப்பு முறையை முன்மொழிந்தனர். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்தை நிறுவிய இக்குதாரோ ககேஹாஷியும் இதே நோக்கில் முயன்றுவந்தார். 1983 ஜனவரியில் நடந்த 'நாம்' (NAMM) என்னும் இசைக்கருவிக் கண்காட்சியில், சீக்வென்ஷியலின் ப்ராஃபெட்-600உம் ரோலண்டின் ஜூபிட்டர்-6உம் ஒரே வடத்தால் இணைக்கப்பட்டு இயங்கிக் காட்டின. போட்டி நிறுவனங்கள் ஒரு விதிமுறையைத் தமக்குள் பகிர்ந்துகொண்ட இச்செயலுக்காக ஸ்மித்துக்கும் ககேஹாஷிக்கும் 2013இல் தொழில்நுட்ப கிராமி விருது வழங்கப்பட்டது.

இனி மொழிபெயர்ப்புக்கு வருவோம். 'இன்டர்ஃபேஸ்' என்பதற்கு இடைமுகம் என்னும் சொல் நிலைபெற்றுவிட்டது. 'டிஜிட்டல்' என்பதற்கு இலக்கமுறை, எண்மிய, எண்ணிம எனப் பல வடிவங்கள் வழங்குகின்றன. ஆங்கிலச் சொல் விரலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது. பிரெஞ்சிலோ எண்ணை அடியாகக் கொண்ட நுமெரிக் என்னும் சொல்லே வழங்குகிறது. நுமெரிக் என்பதை நாள்தோறும் கேட்டுப் பழகிய மொரிசியஸ் வாசகருக்கு, எண் என்னும் வேர் வெளிப்படையாகத் தெரியும் 'எண்ணிம' என்பதே எளிதில் பிடிபடும். ஆகவே முழுப்பெயரை 'இசைக்கருவி எண்ணிம இடைமுகம்' எனலாம். 'எண்ணிம ஒலி' என்றோ 'எண்ணிம இசை' என்றோ மொழிபெயர்ப்பது மட்டும் பிழை. மிடி வடத்தின் வழியே ஒலி செல்வதே இல்லை. எந்தச் சுரம், எப்போது தொடங்கியது, எவ்வளவு விசையோடு, எப்போது முடிந்தது என்னும் எண்களே செல்கின்றன. தாளில் எழுதிய சுரக்குறிப்பு பாட்டாகாதது போல, மிடியும் இசையாகாது; அதை வாங்கி ஒலியாக்க ஒரு கருவி வேண்டும்.

இந்த வேறுபாடு யாரைக் காட்டிலும் பேஸ் கிட்டார் வாசிப்பவருக்கே மிக முக்கியமானது. மொரிசியசின் விடுதிகளிலும் திருமண மேடைகளிலும் சிறு குழுக்கள் வாசிக்கும்போது, விசைப்பலகைக்குத் தனி ஆள் இல்லாமல், பேஸ் வாசிப்பவரே பின்னணி வயலின் கூட்டொலியையோ ஆர்கனையோ எழுப்ப வேண்டிய தேவை எழலாம். அப்போது அவர் முன்னுள்ள வழிகளுள், தந்தியின் அதிர்வைக் கேட்டு அதை மிடிச் சுரமாக மாற்றும் முறையே பலரையும் முதலில் கவர்கிறது. இதில் ஓர் இயற்கைத் தடை உண்டு. பேஸின் நான்காம் தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 41 முறையே அதிர்கிறது. ஓர் அதிர்வு முடியவே 24 மில்லி வினாடிக்கு மேல் ஆகிறது. ஐந்து தந்திப் பேஸின் தாழ்ந்த தந்திக்கு அது 32 மில்லி வினாடியைத் தாண்டும். குறைந்தது ஓர் அதிர்வையேனும் அளக்காமல் எந்தச் சுரம் என்று மாற்றியால் உறுதியாகச் சொல்ல இயலாது. மிடி வடமோ வினாடிக்கு 31,250 பிட் வேகமுடையது. ஒரு சுரத் தொடக்கச் செய்தி கடந்து செல்ல ஒரு மில்லி வினாடி போதும். தாமதத்துக்கு மிடியைக் குறைகூறுவது வழக்கமாகிவிட்டது. உண்மையில் அது தடித்த தந்தியின் தாமதம்.

ஆதலால் இம்முறையைக் கைக்கொள்பவர் மெல்ல எழும் ஒலிகளைத் தேர்வது நல்லது. அல்லது மேல் தந்திகளில் வாசித்து, சிந்தசைசரில் ஒரு ஸ்தாயி இறக்கிக்கொள்ளலாம். தந்தி எந்த மெட்டுக்கட்டையைத் தொடுகிறது என்பதை மின்தொடர்பால் அறியும் பேஸ்களும் செய்யப்பட்டுள்ளன. அவை அதிர்வுக்காகக் காத்திருப்பதில்லை. மொரிசியசின் மரபிசையான செகாவுக்கு என்னைக் கேட்டால், இவையெல்லாவற்றையும்விடக் கால்மிதிகளையே பரிந்துரைப்பேன். அதன் ரவான் பறையின் ஆறெட்டு (6/8) நடையில் பேஸ் சற்றே பிந்தினாலும் ஆடுபவரின் கால் அதை உணர்ந்துவிடும். கைகள் இயல்பான பேஸை எந்த மாற்றமும் இன்றி வாசிக்க, கால் ஒரு மிதியை அழுத்தினால், அது வெறும் மின்சுவிட்சு என்பதால் சுரம் உடனே எழுகிறது. ரஷ் என்னும் ராக் இசைக்குழுவில் பேஸ் வாசித்த கெடி லீ இவ்வாறு கால்மிதிகளோடு மேடையேறியவர்; மூவர் மட்டுமே கொண்ட அக்குழுவின் ஒலி விரிவுக்கு அது ஒரு காரணம்.

மிடியின் துணைச்சொற்களையும் தமிழாக்கலாம். 'நோட் ஆன்' என்பது சுரத் தொடக்கம். 'நோட் ஆஃப்' என்பது சுர முடிவு. 'வெலாசிட்டி' என்பதை வேகம் என்று சொல்வதைவிட விசை என்பதே பொருந்தும், ஏனெனில் சுரத்தோடு செல்லும் அந்த விசை எண் தன் உச்சமான 127ஐ நெருங்க நெருங்கக் காதுக்குத் தெரிவது அழுத்தமே. 'புரோகிராம் சேஞ்ச்' என்பது ஒலித்தேர்வு. 128 ஒலிகளுள் ஒன்றை ஒரே மிதியில் அழைக்க இது உதவும். 'சேனல்' என்பதை அலைவரிசை என்று எழுதுவது தவறான எண்ணத்தைத் தரும், இங்கே அலை ஏதும் இல்லை. வழி என்பதே போதும், ஒரு வடத்தில் 16 வழிகள் உள்ளன. 'கிளாக்' என்பதைத் தாளத்துடிப்பு எனலாம். கால் சுரம் ('குவார்ட்டர் நோட்') ஒன்றுக்கு 24 துடிப்புகள் என்பது விதி. செகாவின் ஓர் அடியோ ஒன்றரைக் கால் சுரம், அதாவது 36 துடிப்புகள். எதிரொலி மிதியைத் தாளக் கருவியோடு இணைப்பவர் இக்கணக்கை அறியாமல் கால் சுரத்துக்கு அமைத்துவிட்டால், எதிரொலி ரவானோடு முரண்பட்டு ஒலிக்கும்.

கருவியின் பின்புறத்தில் காணப்படும் மூன்று துளைகளின் பெயர்களே எஞ்சியுள்ளன. 'இன்' என்பது வரவு, 'அவுட்' என்பது செலவு என்று நம் கணக்குவழக்கின் சொற்களாலேயே குறிக்கலாம். 'த்ரூ' என்பது வரவில் வந்ததை அப்படியே அடுத்த கருவிக்குத் தருவது. அதற்குக் கடப்பு என்னும் சொல்லை முன்வைக்கிறேன். கால்மிதியின் செலவை முதல் சிந்தசைசரின் வரவிலும், அதன் கடப்பை அடுத்ததன் வரவிலும் செருகினால் இரண்டும் ஒரே மிதிக்கு ஒலிக்கும். ஒவ்வொரு வடமும் 15 மீட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும்.