பறிப்பதா, விடுவதா?

பெங்களூரு அல்சூர் மார்க்கெட்டில் தக்காளி கிலோ 10 ரூபாய்க்கு வந்தால் எங்கள் வீட்டில் தொக்கு கிளறுவோம். அப்படி ஒரு வாரத்தில்தான் ராயக்கோட்டைப் பக்கம் என் சித்தப்பா தோட்டத்தில் பழம் செடியிலேயே வெடித்துக் கிடந்தது. ஏன் பறிக்கவில்லை என்று போனில் கேட்டேன். "பறிச்சா இன்னும் நஷ்டம்டா" என்றார். வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை, அது சுத்தமான கணக்கு.

நாற்று, உரம், மருந்து, செடியைத் தாங்கும் கொம்பு, எல்லாம் காய் திரளும் முன்பே போய்விட்ட பணம். பறிப்புக் கூலி, வண்டி வாடகை, மண்டி கமிஷன் மட்டும் பறித்தால்தான் வரும். 15 கிலோ பெட்டிக்கு முதல் செலவு 120 ரூபாய், இரண்டாவது 70 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஏலத்தில் 250 போனால் லாபம். 130 போனால் மொத்தத்தில் நஷ்டம்தான், ஆனாலும் பறிக்க வேண்டும்; போட்ட 120-ல் 60 ஆவது திரும்பும். 50 போனால்? பெட்டிக்கு 20 ரூபாய் கையிலிருந்து போகும். செடியிலேயே விட்டுவிடலாம். மண்டிக்கு வந்த பிறகு விலை விழுந்தாலோ, திருப்பி எடுத்துப்போக மறுபடி வாடகை. சாலையோரம் கொட்டுவது கோபத்தில் மட்டும் அல்ல.

உருளைக்கிழங்கு போலக் குளிர்பதனக் கிடங்கில் மாதக்கணக்கில் வைக்கலாமே? தக்காளி பறித்த பிறகும் சுவாசிக்கிறது, எத்திலீன் வாயுவை வெளிவிட்டுத் தன்னையும் பக்கத்துப் பழத்தையும் பழுக்க வைக்கிறது. சரி, நன்றாகக் குளிர வைப்போம் என்றால், 10 டிகிரிக்குக் கீழே காய் கெட்டுப்போகும். வெளியே எடுத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது.

விலை இப்படி ஆடுவதற்கு நம் ரசமும் காரணம். விலை பாதியானால் இரண்டு மடங்கு தக்காளியா போடுகிறோம்? வரத்து கொஞ்சம் கூடினாலும் விலை தடாலென்று விழுகிறது, குறைந்தால் எகிறுகிறது. 2023 ஜூலையில் கோலார் மண்டியில் ஒரு பெட்டி 2000 ரூபாயைத் தாண்டியது. அதைப் பார்த்து ஊரே நாற்று நட்டால் என்ன ஆகும்? முதல் பறிப்புக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும், எல்லோருடையதும் ஒன்றாகவே வரும். செப்டம்பரில் விலை சரிந்தது. இன்றைய விலையைப் பார்த்து நாளைய பயிரை முடிவு செய்வதால் வரும் இந்த ஊசலுக்கு, 1934-லேயே நிக்கோலஸ் கால்டர் என்ற பொருளியலாளர் சிலந்தி வலை என்று பெயர் வைத்தார்.

இடையில் இருப்பவர்கள்? தக்காளிக்கு நாம் கொடுக்கும் 100 ரூபாயில் விவசாயிக்குப் போவது சுமார் 33 என்று 2024-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை கணக்கிட்டது. மீதி முழுவதும் கொள்ளை என்று நான் சொல்லமாட்டேன். நசுங்கியது, அழுகியது, மாலைக்குள் தள்ளிவிட்டது எல்லாம் அதில்தான் அடக்கம். இந்த இடைவெளியைக் குறைக்கப் பெங்களூருவில் பழைய முயற்சி ஒன்று உண்டு. 1959-ல் திராட்சை விவசாயிகளின் கூட்டுறவாகத் தொடங்கிய ஹாப்காம்ஸ், பிறகு காய்கறியும் நேரடியாக வாங்கித் தன் கடைகளில் விற்றது. ஆனால் எல்லோருடைய தக்காளியையும் அதனால் வாங்கிவிட முடியாது.

சித்தப்பா இப்போது பறிப்புக்கு முந்தின நாள் எனக்கு போன் செய்து அல்சூர் விலையைக் கேட்கிறார். நான் சொல்கிறேன். அவர் அதை மூன்றால் வகுத்து, பதினைந்தால் பெருக்கி, அப்புறம்தான் ஆள் சொல்லி அனுப்புகிறார்.