அபே: ‘அப்பா’வில் தொடங்கிய சொல்

ஸ்காட்லாந்தின் தென்மேற்கில், டம்ஃப்ரீஸ் நகருக்குத் தெற்கே 10, 12 கிலோமீட்டர் போனால் நியூ அபே என்று ஒரு சிற்றூர் வரும். பெயருக்குப் பொருள் ‘புது அபே’. அந்த அபே தோன்றியது 1273-இல். 750 ஆண்டுகள் ஓடிவிட்டன. ஊருக்குப் பெயர் இன்னும் புதுசுதான். சரி, அது எதைவிடப் புதிது? முதலில், அபே என்றால் என்ன? தமிழில் பலர் இதைத் ‘தேவாலயம்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது பொருந்தவே பொருந்தாது என்பது என் எண்ணம். சொல்லின் கதையைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

வேர், இயேசு பேசிய அரமேய மொழியின் ‘அப்பா’. பொருள், தந்தை. தமிழ் வேதாகமத்தில் மாற்கு 14:36-ஐப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. கெத்செமனேயில் இயேசு ‘அப்பா பிதாவே’ என்று வேண்டுகிறார். அங்கே வரும் ‘அப்பா’ நாம் வீட்டில் கூப்பிடும் சொல் அல்ல. கிரேக்க மூலத்திலேயே அரமேயச் சொல் அப்படியே நிற்கிறது; தமிழிலும் அதை அப்படியே விட்டிருக்கிறார்கள். ஒலி ஒன்றாக இருப்பதால் அரமேயம் தமிழிலிருந்து கடன் வாங்கியது என்று சிலர் உற்சாகமாகக் கிளம்புவதுண்டு. அதற்குச் சான்று கிடையாது. குழந்தையின் உதடுகளுக்கு எளிதாக வருபவை பகரமும் மகரமும். அதனால் தாய் தந்தையரைக் குறிக்கும் சொற்கள் உலகெங்கும் ஒன்றுபோல ஒலிக்கின்றன. இந்த ஒற்றுமையை ரசிக்கலாம், வரலாறாக்க வேண்டாம்.

4-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் தவம் செய்த பெரியவர்களைச் சீடர்கள் ‘அப்பா’ என்றே அழைத்தார்கள். பெண் துறவிகளை ‘அம்மா’ என்றார்கள். பெற்ற பிள்ளை இல்லாத துறவியைத் தந்தையே என்று விளிப்பது நமக்கும் பழகிய வழக்கம்தான்: ஞானசம்பந்தர் ‘அப்பரே’ என்று அழைத்ததால் திருநாவுக்கரசருக்கு அப்பர் என்ற பெயரே நிலைத்தது. பாலைவனத்துச் சொல் கிரேக்கத்தில் ‘அப்பாஸ்’ ஆகி, லத்தீனுக்குள் போய், அந்தத் தந்தையின் பதவியையும் அவருக்குக் கீழ்ப்பட்ட இல்லத்தையும் குறிக்க ‘அப்பாத்தியா’ என்று விரிந்தது. பழைய பிரெஞ்சில் அது ‘அபேயி’ என்று தேய்ந்து, ஆங்கிலத்தில் அபே ஆயிற்று. ஆங்கிலேயர் உச்சரிப்பு ‘ஆபி’ என்பதற்கு நெருக்கமானது. தமிழ் அச்சில் அபே என்பதே புழங்குகிறது.

ஆக, சொல்லுக்குள் கட்டடம் இல்லை. ஒரு தந்தையும் அவருக்குக் கீழ்ப்படிந்து ஒரே கூரையின்கீழ் வாழும் துறவியரும்தான் இருக்கிறார்கள். 6-ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த ஒழுங்குநூல், மடத்தில் கிறிஸ்துவின் இடத்தில் இருப்பவர் இந்தத் தந்தையே என்கிறது. அவர் இருந்தால்தான் அது அபே. அடுத்த படியில் உள்ள பிரயர் தலைமை தாங்கினால் அது பிரயரி. இந்த வேறுபாடு வெறும் ஏட்டுச் சங்கதி அல்ல. ஸ்காட்லாந்தின் வடக்கே உள்ள பிளஸ்கார்டன் 1230-இல் பிரயரியாகத் தொடங்கியது. நெடுங்காலம் பாழாகக் கிடந்து, 1948-இல் துறவியர் மீண்டும் வந்து குடியேறி, 1974-இல்தான் அபே என்ற தகுதியைப் பெற்றது.

இப்போது நியூ அபே ஊருக்கு வருவோம். காலோவே பகுதியின் செல்வச் சீமாட்டி டெர்வொர்கில்லா. கணவர் ஜான் பேலியல் 1268-இல் இறந்தார். அவருடைய இதயத்தைப் பதப்படுத்தி, வெள்ளி பதித்த தந்தப் பேழையில் வைத்துப் போகுமிடமெல்லாம் உடன் கொண்டு சென்றார் டெர்வொர்கில்லா என்பது மரபு. கணவர் நினைவாக 1273-இல் சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவு சபையினருக்கு ஒரு மடம் நிறுவினார். ஆக்ஸ்ஃபோர்டின் பேலியல் கல்லூரிக்கு 1282-இல் விதிமுறைகள் வழங்கியவரும் அவரே. 1290-இல் அவர் மறைந்தபோது அந்தப் பேழையோடு இந்த மடத்தில் அடக்கம் செய்தார்கள். துறவிகள் மடத்துக்கு லத்தீனில் ‘துல்சே கோர்’ என்று பெயரிட்டார்கள், இனிய இதயம். ஆங்கிலத்தில் ஸ்வீட்ஹார்ட் அபே. எத்தனையோ மடங்களுக்குப் புனிதர் பெயர், ஆற்றின் பெயர், பள்ளத்தாக்கின் பெயர் உண்டு. ஒரு மனைவியின் துயரத்தைப் பெயராகத் தாங்கிய மடம் இது. எனக்கு இதில் தீராத வியப்பு.

அப்புறம், ‘புது’ என்பதற்கு விடை. இதே பகுதியில் 1142-இலேயே டன்ட்ரெனன் அபே இருந்தது. அங்கிருந்து வந்த துறவியர்தான் இங்கே குடியேறினார்கள். டன்ட்ரெனனுக்குத் தாய் மடம் இங்கிலாந்தின் ரீவோ. ரீவோவுக்குத் தாய் மடம் பிரான்சின் கிளேர்வோ. ஒவ்வொரு தாய் மடத்தின் தலைவரும் ஆண்டுக்கு ஒருமுறை தன் சேய் மடத்தைப் பார்வையிட வேண்டும் என்பது சிஸ்டர்சியன் விதி. தலைவர் தந்தை, மூத்த மடம் தாய், இளையது மகள் என்று அமைப்பு முழுவதும் குடும்பச் சொற்களால் பின்னப்பட்டிருக்கிறது. தாய் மடமான டன்ட்ரெனனை நோக்கத்தான் இது ‘புது அபே’. மடத்தை அண்டி வளர்ந்த ஊரும் அந்தப் பெயரையே சூடிக்கொண்டது.

தமிழில் என்ன சொல்வது? மடம் என்ற அடிச்சொல் நம்மிடம் தயாராக இருக்கிறது. ஆனால் தனியே ‘மடம்’ என்றால் வழிப்போக்கர் தங்கும் இடமும் மடம்தான், அறியாமையும் மடம்தான். ‘ஆண்டிகள் கூடி மடம் கட்டினாற்போல’ என்று நடக்காத காரியத்துக்குப் பழமொழி சொல்வோம். சிஸ்டர்சியன்கள் கூடிக் கட்டியே முடித்தவர்கள். ‘மடாலயம்’ அழகான சொல், ஆனால் அதில் ஆலயம் ஒட்டிக்கொண்டு மறுபடியும் கோயில் நினைவைத் தருகிறது.

‘ஆதீனம்’ அமைப்பால் மிக நெருங்கியது: குருமுதல்வர், நிலபுலன், கிளை மடங்கள், எல்லாம் உண்டு. தமிழ்க் கத்தோலிக்கர் புனித பெர்நார்தை ‘ஆதீனத் தலைவர்’ என்றே நாட்காட்டியில் குறிக்கிறார்கள். அவர் கிளேர்வோவின் முதல் தலைவர். வம்சப்படி பார்த்தால் ஸ்வீட்ஹார்ட் மடத்துக்குக் கொள்ளுப்பாட்டன் முறை. எனவே தலைவருக்கு ஆதீனத் தலைவர் அல்லது மடாதிபதி என்பதை நான் மனமார ஏற்கிறேன். இல்லத்தை மட்டும் ஆதீனம் என்றால் தமிழ் வாசகர் மனம் நேரே தருமபுரத்துக்கும் திருவாவடுதுறைக்கும் போய்விடும். கன்னியர் மடம் என்று நாம் ஏற்கெனவே சொல்லிப் பழகியிருக்கிறோம். அதே வார்ப்பில் ‘துறவியர் மடம்’ என்பதே என் தேர்வு. பிரயரியிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் ‘மடாதிபதி தலைமையிலான துறவியர் மடம்’ என்று விரித்து எழுதலாம்.

சிக்கல் வருவது, தந்தை போன பிறகும் பெயர் தங்கிவிட்ட இடங்களில். 1560-இல் ஸ்காட்லாந்து கத்தோலிக்கத்தை விட்டுச் சீர்திருத்த சபைக்கு மாறியது. ஸ்வீட்ஹார்ட்டின் கடைசி மடாதிபதி கில்பர்ட் பிரௌன் 1605-இல் கைதானார், நாடு கடத்தப்பட்டார், 1612-இல் பாரிஸில் இறந்தார். பெய்ஸ்லி அபே இன்று பங்குக் கோயில். இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயிலும் மடாதிபதி இல்லை. இத்தகைய இடங்களில் அபே என்பது இடப்பெயர் மட்டுமே. மொழிபெயர்க்காமல் அப்படியே வைப்பது நல்லது. மக்நாப் என்ற ஸ்காட்டியக் குடும்பப் பெயரும் இந்த வேரில் கிளைத்ததுதான். கேலிக் மொழியில் ‘மடாதிபதியின் மகன்’ என்று பொருள்.

நியூ அபேயில் துறவியர் போனபின் மடத்துக் கற்களைப் பெயர்த்து வேறு கட்டடங்களுக்குக் கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். 1779-இல் அவ்வட்டாரத்தார் சிலர் பணம் திரட்டி, எஞ்சியதை இடிக்கவிடாமல் விலைக்கு வாங்கினார்கள். 1928-இல் அது அரசின் பொறுப்புக்கு வந்தது. கூரை இல்லாத அந்தச் செம்மணற்கல் கோயிலும், மடத்தைச் சுற்றிய கருங்கல் மதிலின் பெரும்பகுதியும் இன்னும் ஊருக்குப் பக்கத்திலேயே நிற்கின்றன.