முந்திரித் தோப்பில் ஒரு கேமரா: பேட்டரி எங்கே கரைகிறது?

பண்ருட்டிக்கு அருகே எங்கள் குடும்பத்துக்குச் சிறியதொரு முந்திரித் தோப்பு இருக்கிறது. பழம் விழுகிற பங்குனி, சித்திரை மாதங்களில் இரவோடு இரவாக ஏதோ ஒரு விலங்கு வந்து பழத்தை மட்டும் தின்றுவிட்டுக் கொட்டையைத் தரையில் விட்டுப் போகிறது. மரநாய்தான் என்று அப்பா சொன்னார். நரியாக இருக்கும் என்று காவலுக்குப் படுக்கும் பெரியவர் சொன்னார். இதைத் தெரிந்துகொள்ள, காட்டுயிர் ஆய்வாளர்கள் மரங்களில் கட்டிவைக்கிற தானியங்கிக் கேமரா ஒன்றை வாங்கி, புதிதாக மின்னேற்றிய எட்டுப் பென்சில் செல்களைப் போட்டு, ஒரு முந்திரிக் கிளையில் கட்டினேன். ஒருமுறை செல் போட்டால் ஆறு மாதம் ஓடும் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்தது. ஐந்தாம் நாள் காலையில் போய்த் திறந்தபோது கேமராவில் உயிர் இல்லை. நினைவட்டையில் 1900-க்கும் மேற்பட்ட காணொளித் துண்டுகள் இருந்தன. அவற்றில் ஏழில் மட்டும் மரநாய் தெரிந்தது. மற்றவற்றில் எல்லாம் அசைகிற புல்லும், காற்றில் ஆடுகிற இலையும், வெயிலும் நிழலும்தான்.

பெட்டியில் அச்சிட்டிருந்தது பொய்யென்று அன்று எரிச்சல்பட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தபின்தான், கேமராவை நான் கட்டிய இடமும் அதற்குக் கொடுத்த அமைப்புகளும் சேர்ந்து ஆறு மாதத்தை நான்கு நாளாகச் சுருக்கிவிட்டன என்பது விளங்கியது. அந்தக் கணக்கு யாரும் போடக்கூடியதே. செல்லின் மேல் 2000 மில்லியாம்பியர்-மணி என்று எழுதியிருந்தால், 1 மில்லியாம்பியர் மின்னோட்டத்தை அது 2000 மணி நேரம் தரும் என்று பொருள். என் கேமராவில் எட்டுச் செல்களும் நான்கு நான்காக இரு வரிசையில் அமைந்தவை. ஒரு வரிசையில் தொடராக இணைந்த நான்கு செல்களில் மின்னழுத்தம்தான் கூடும், மில்லியாம்பியர்-மணி கூடாது; ஆகவே வரிசைக்கு 2000 வீதம் மொத்தச் சேமிப்பு 4000 மில்லியாம்பியர்-மணி. கேமரா உறக்கநிலையில் 0.2 மில்லியாம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 5 மில்லியாம்பியர்-மணிக்கும் குறைவாகவே செலவாகும். எதுவும் அதை எழுப்பாவிட்டால், கணக்குப்படி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அது உறங்கிக்கொண்டே இருக்கலாம்.

விழித்தவுடன் நிலைமை தலைகீழாகிறது. படச்சில்லு, செயலி, நினைவட்டை மூன்றும் சேர்ந்து பகலில் 250 மில்லியாம்பியர் அளவில் எடுக்கும். இரவில் அகச்சிவப்பு விளக்குகளும் எரிவதால் அது 1 ஆம்பியரைத் தொடும். 20 விநாடிப் பகல் காணொளி ஒன்றுக்கு 1.4 மில்லியாம்பியர்-மணி, அதே நீள இரவுக் காணொளிக்கு 5.6. என் கேமரா நாள்தோறும் பகலில் ஏறக்குறைய 400 முறையும் இரவில் 60 முறையும் விழித்திருந்தது. பகல் செலவு 560, இரவுச் செலவு 330. இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு 890 மில்லியாம்பியர்-மணி. 4000-ஐ இதனால் வகுத்தால் நான்கரை நாள். செல்கள் தங்கள் கடமையைக் குறையில்லாமல் செய்திருக்கின்றன. அவற்றை இரட்டிப்பாக்கியிருந்தாலும் ஒன்பதாம் நாளில் இதே நிலைதான்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, கேமரா ஏன் இத்தனை முறை விழித்தது என்பதே. அதை எழுப்புவது முகப்பில் பால்நிற பிளாஸ்டிக் குமிழுக்குப் பின்னால் இருக்கிற பிஐஆர் உணரி. இது தன்னிடமிருந்து எந்தக் கதிரையும் அனுப்புவதில்லை. எதிரே உள்ள பொருள்கள் தம் வெப்பத்தால் உமிழும் அகச்சிவப்புக் கதிரை வாங்கிக்கொள்வதோடு சரி. ஏறக்குறைய 36 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் உள்ள உடல், 9 மைக்ரோமீட்டரை ஒட்டிய அலைநீளத்தில் மிகுதியாகக் கதிர் உமிழ்கிறது. உணரிக்குள் இருக்கும் படிகத் தகடு, தன்மேல் விழும் வெப்பம் மாறுகிற கணத்தில் மட்டும் மிகச் சிறிய மின்னூட்டத்தை உண்டாக்குகிறது; வெப்பம் மாறாமல் நிலைத்திருந்தால் அது பேசாமல் இருக்கும். இத்தகைய தகடுகள் இரண்டை ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இணைத்திருப்பார்கள். பொழுது ஏற ஏறச் சூழல் முழுவதும் ஒருசேரச் சூடாகும்போது இரண்டிலும் எழும் குறிகைகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். சூடான ஓர் உடல் குறுக்கே நடந்தால், குமிழில் வரித்திருக்கும் சிறு வில்லைகள் அதன் பிம்பத்தை முதலில் ஒரு தகட்டிலும் பின்னர் மற்றதிலும் விழச்செய்யும், குறிகை ஏறி இறங்கும், கேமரா விழிக்கும். இந்தக் காவல் வேலைக்கு அந்த உணரி எடுப்பது சில பத்து மைக்ரோஆம்பியர் மட்டுமே. இவ்வளவு குறைந்த கூலிக்கு இரவெல்லாம் கண் விழிக்கும் இந்தச் சிறு துண்டு மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

இதிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. விலங்கு குறுக்கே நடந்தால் உணரி எளிதில் கண்டுகொள்ளும். நேரே கேமராவை நோக்கி வந்தால் தாமதமாகவே உணரும். ஆகையால் தடத்தைப் பக்கவாட்டில் பார்க்கும்படி கேமராவைக் கட்ட வேண்டும். இரண்டாவது, உணரிக்கு விலங்கு இன்னதென்று தெரியாது. தன் பின்னணியிலிருந்து வெப்பத்தில் வேறுபட்டு நகர்கிற எதுவும் அதற்கு ஒன்றே. வெயிலில் கொதிக்கும் செம்மண் தரைக்கு முன்னால் குளிர்ந்த புல் அசைந்தாலும் அது விழிக்கும். பண்ருட்டிப் பக்கம் பிற்பகலில் கடற்காற்று ஏறிவரும். என் நினைவட்டையில் மிகுதியான துண்டுகள் அந்தப் பொழுதில் பதிந்தவையே.

போதாக்குறைக்கு, கேமராவைக் கட்டிய கிளையும் ஆடியது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலில் எங்கள் தோப்பின் பெருமரங்கள் சாய்ந்துவிட்டன. இப்போது நிற்பவை அதற்குப்பின் நட்டவை, கிளைகள் இன்னும் கனக்கவில்லை. கேமராவே ஆடினால் உணரியின் பார்வையில் தோப்பு முழுவதும் நகர்கிறது. கிளையை விட்டுத் தரையில் ஆழமாக ஊன்றிய சவுக்குக் கழியில், மரநாயின் உயரத்துக்கு ஏற்ப முழங்கால் மட்டத்தில் கட்டி, முன்னால் மூன்று மீட்டருக்குப் புல்லைச் செதுக்கிய பிறகே வெற்று விழிப்புகள் வெகுவாகக் குறைந்தன.

திசையைப் பற்றி ஒரு சொல். கேமராவை எப்போதும் வடக்கு நோக்கி வையுங்கள் என்று மேலைநாட்டுக் கையேடுகள் கூறும். அங்கே சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கில் இருப்பதால் அது அவர்களுக்குச் சரி. நாம் இருப்பது ஏறக்குறைய 11.7 பாகை வட அட்சரேகையில். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நம் உச்சிவெயில் வடபுறமாக விழுகிறது. கத்திரி வெயில் காலத்தில் தெற்கு நோக்கியும், மார்கழியில் வடக்கு நோக்கியும் வைப்பதே இங்கே பொருந்தும். கிழக்கும் மேற்கும் எந்த மாதத்திலும் ஆகா. தாழ்ந்த சூரியன் நேரே உணரியில் விழும்.

விழிப்பை முழுவதும் ஒழித்துவிடவும் முடியாது. 2018-ஆம் ஆண்டின் தேசியப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் தானியங்கிக் கேமராக்கள் வைக்கப்பட்டன. கிடைத்த 3 கோடியே 48 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களில் புலி இருந்தவை 76,651. ஒரு புலிப் படத்துக்கு ஏறத்தாழ 455 படங்கள் என்று கணக்கு வருகிறது. தேர்ந்த ஆய்வாளர்களுக்கே இதுதான் விகிதம் என்னும்போது, ஒவ்வொரு விழிப்பையும் மலிவாக்குவதே அடுத்த வழி. மரநாய் இருட்டிய பின்பே நடமாடும் விலங்கு என்பதால், மாலை 6 மணி முதல் காலை 6 மணி வரை மட்டும் இயங்கும்படி அமைத்தேன். பகல் செலவான 560 அப்படியே மிஞ்சியது. கீரியும் உடும்பும் இனிப் பதியமாட்டா என்பது அதற்குக் கொடுத்த விலை. 20 விநாடிக் காணொளிக்குப் பதில் மூன்று ஒளிப்படங்கள், ஒருமுறை எடுத்தபின் ஒரு நிமிட இடைவெளி என்று மாற்றினேன். நினைவட்டையும் வேகமானதாக இருக்க வேண்டும். மெதுவாக எழுதும் அட்டை, எழுதி முடிக்கும்வரை கேமராவை உறங்கவிடாது.

தோப்புக்குள் நடைபாதை இருந்தால் அதைப் பார்க்காதபடி கேமராவைத் திருப்புவது மின்சாரத்துக்கு மட்டுமல்ல, மனிதருக்கும் செய்ய வேண்டிய மரியாதை. கொட்டை பொறுக்க வரும் பெண்களிடம் கேமரா இருக்கும் இடத்தைக் காட்டிச் சொல்லிவிட்டேன். யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நம்பி அந்தரங்கமான செயலில் இருக்கும் பெண்ணைப் படமெடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவின்படி குற்றம். ஒளித்துவைக்கும் கேமரா விலங்கிடமிருந்து மட்டுமே ஒளிந்திருக்கலாம்.

இரவு விளக்கு தனியே பேச வேண்டிய பொருள், ஏனென்றால் இரவில் மட்டும் இயங்கும் கேமராவுக்குச் செலவின் பெரும்பகுதி அங்கேதான். இந்தக் கேமராக்களில் 850 அல்லது 940 நானோமீட்டர் அலைநீள விளக்குகள் இருக்கும். 850 எரியும்போது உற்றுப் பார்த்தால் மங்கிய சிவப்புப் பொட்டுகள் தெரியும்; 940 கண்ணுக்குத் தெரியவே தெரியாது. முற்றாக மறைந்திருக்கும் 940-ஐயே பலர் விரும்புகிறார்கள். ஆனால் சிலிக்கான் படச்சில்லுக்கு அந்த அலைநீளத்தில் பார்வை குறைவு. அதே வெளிச்சத்தில் படம் இருண்டு வரும், அல்லது தெளிவாகத் தெரியும் தூரம் சுருங்கும். என் அனுபவத்தில் தோப்பு மரநாய்க்கு 850 போதும். தூரமும் முக்கியம்: ஆறு மீட்டரில் விழும் வெளிச்சத்தைப் போல நான்கு மடங்கு மூன்று மீட்டரில் விழும். விளக்கின் வலிமையைத் தானே குறைத்துக்கொள்ளும் கேமராவாக இருந்தால், தடத்துக்கு அருகே வைப்பது நேரடியாகப் பேட்டரியில் மிச்சமாகும்.

வீட்டிலேயே கேமரா செய்கிறவர்களுக்கு வேறொரு ஓட்டை காத்திருக்கிறது. பொறியியல் படிக்கும் என் தம்பி மகன், ஈஎஸ்பி32 சில்லு பொருத்திய மலிவான கேமராப் பலகை ஒன்றை வைத்துத் தானே ஒன்று செய்தான். ஆழ்ந்த உறக்கத்தில் அந்தச் சில்லு 10 மைக்ரோஆம்பியர்தான் எடுக்கும் என்று அதன் தரவுத்தாள் கூறும். ஒரு படம்கூட எடுக்காமல் மூன்று வாரத்தில் 2500 மில்லியாம்பியர்-மணி லித்தியம் செல் தீர்ந்துபோனது. மல்டிமீட்டரைத் தொடரில் வைத்து அளந்தபோது, சில்லு உறங்கியும் பலகை 5 மில்லியாம்பியருக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தது. குற்றவாளி, பலகையில் இருந்த ஏஎம்எஸ்1117 என்னும் மின்னழுத்தச் சீராக்கி. அது தான் விழித்திருப்பதற்கென்றே சுமார் 5 மில்லியாம்பியர் உண்ணும் வகை. செருகியில் மாட்டிய கருவிக்கு அது பொருட்டே இல்லை, பேட்டரிக்கோ ஒரு நாளைக்கு 120 மில்லியாம்பியர்-மணி. சரியாக மூடாத குழாய் இரவெல்லாம் சொட்டித் தொட்டியைக் காலி செய்வது போலத்தான். அதை எடுத்துவிட்டுச் சில மைக்ரோஆம்பியர் மட்டும் எடுக்கும் சீராக்கியை வைத்து, உறங்கும்போது படச்சில்லுக்குச் செல்லும் மின்சாரத்தையும் துண்டித்தபின் அளவு 0.1 மில்லியாம்பியருக்குக் கீழே இறங்கியது. வைஃபையில் படம் அனுப்பும் ஆசையை மட்டும் அவன் விட வேண்டியிருந்தது. அனுப்பும் நேரத்தில் அந்தச் சில்லு 240 மில்லியாம்பியர் வரை இழுக்கும். கட்டைவிரல் அளவுக் கேமராக்கள் நேரலை அனுப்பிக்கொண்டு நாள்கணக்கில் ஓடும் என்ற விளம்பரங்களை இதை வைத்தே எடைபோடலாம்: 300 மில்லியாம்பியர்-மணிச் செல்லிலிருந்து இடைவிடாமல் 200 எடுத்தால் ஒன்றரை மணி நேரம்தான்.

இனி செல்கள். சாதாரண அல்கலைன் செல் 1.5 வோல்ட்டில் தொடங்கிப் படிப்படியாக இறங்கும். ஓர் ஆம்பியர் அளவுக்குப் பெரிய மின்னோட்டம் கேட்டால் உள்தடையிலேயே ஆற்றலை இழந்து, எழுதியிருக்கும் கொள்ளளவில் பாதிகூடத் தராது. நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு செல் 1.2 வோல்ட்தான் என்றாலும் கடைசிவரை ஏறக்குறைய அதே அளவில் நிற்கும். இவற்றில் பழைய வகை சும்மா இருந்தாலே ஒரு மாதத்தில் கணிசமாக வடிந்துவிடும். 2005-க்குப்பின் வந்த குறைந்த தன்னிறக்க வகையை மட்டுமே கேமராவுக்கு வாங்க வேண்டும். மின்னேற்ற முடியாத லித்தியம் பென்சில் செல் இரண்டையும் விடச் சிறந்தது, எடையும் குறைவு, விலைதான் உறுத்தும். எந்த வகையானாலும் வெப்பம் அதற்குப் பகை: குளிர் செல்லைத் தற்காலிகமாகச் சோர்வடையச் செய்யும், வெப்பம் நிரந்தரமாக முதுமையாக்கும். பெட்டி எப்போதும் நிழலில் இருக்கட்டும்.

கடலோரத்தில் இன்னொன்று சேரும். கடலூர் முதுநகரில் உப்பனாற்றங்கரையில் நண்பர் ஒருவர் வைத்த கேமரா பகலில் ஒழுங்காக வேலை செய்தது, இருட்டியதும் அணைந்தது. செல்களை அளந்தால் நிறைவாகவே காட்டின. செல் அறையைத் திறந்து சுருள்வில்லை வெளிச்சத்தில் பார்த்தபோது, முனையில் பச்சை படர்ந்த வெள்ளைப் பொருக்கு. உப்புக்காற்றின் வேலை. ஒரு வரிசையில் நான்கு செல்லுக்கு எட்டுத் தொடுமுனைகள். பொருக்கால் எழும் தடைகள் கூடி 1 ஓம் ஆனாலே, இரவு விளக்குக்காக அரை ஆம்பியர் ஓடும்போது 4.8 வோல்ட்டில் அரை வோல்ட் அங்கேயே தொலைகிறது. பேட்டரி தீர்ந்துவிட்டதென்று கேமரா நம்பி அணைந்துவிடும். பகலின் சிறு மின்னோட்டத்தில் இழப்பும் சிறிது, ஆகவே குறை தெரியாது. நயமான உப்புத்தாளால் முனைகளைத் தேய்த்து, துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே போட்டு மூடியதும் அதே செல்களில் அன்றிரவே ஓடியது.

எட்டுச் செல்களில் ஒன்று மட்டும் பழசாக இருந்தாலும் இதே குழப்பம் வரும். தொடரில் உள்ள நான்கில் பலவீனமானது முதலில் காலியாகும். மற்ற மூன்றும் அதன் வழியே மின்னோட்டத்தைத் தள்ளி அதை எதிர்முனையாகத் திருப்பிக் கெடுத்துவிடும். அதனால் எட்டுச் செல்களையும் ஒரே நாளில் வாங்கி, ஒவ்வொன்றின் மேலும் அழியாத மையால் அ1 முதல் அ8 வரை எழுதி, ஒன்றாகவே மின்னேற்றி ஒன்றாகவே மாற்றுகிறேன். ஐப்பசி மழை தொடங்குமுன் கேமராவைக் கழற்றும்போது அவற்றையும் வெளியே எடுத்து, சமையலறை அலமாரியின் அடித்தட்டில், வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில், ஒரு டப்பாவில் மூடி வைத்துவிடுகிறேன்.