குறைந்தது நோயா, நோயாளிகளா?

உகாண்டாவின் தெற்கு எல்லையில், விக்டோரியா ஏரிக்கரையில் கசென்செரோ என்ற மீனவர் குடியிருப்பு இருக்கிறது. தான்சானியாவுக்கும் உகாண்டாவுக்கும் இடையே கடத்தல் சரக்கு கைமாறிய இடம். 1982-இல் அங்கே திடகாத்திரமான இளம் வியாபாரிகள் சிலர் ஓயாத வயிற்றுப்போக்கும் காய்ச்சலுமாகப் படுத்து, எலும்பும் தோலுமாக உருக்குலைந்து இறந்தார்கள். ஏமாற்றப்பட்ட தான்சானியக்காரர்கள் சூனியம் வைத்துவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு. ஆளை மெலியவைத்ததால் ‘ஸ்லிம்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. டேவிட் செர்வாடா, நெல்சன் செவன்கம்போ முதலிய உகாண்டா மருத்துவர்களும் அவர்களுடைய சகாக்களும் இது எய்ட்ஸ் வைரஸுடன் தொடர்புள்ள நோய் என்று 1985-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள்.

பிறகு உகாண்டா உலகுக்கே முன்மாதிரி என்று பெயர் வாங்கியது. 1990-களின் தொடக்கத்தில் வயதுவந்தோரில் ஏறக்குறைய 15 சதவீதத்தினர் எச்.ஐ.வி.யுடன் வாழ்ந்தார்கள். 2004-05 கணக்கெடுப்பில் அது 6.4 சதவீதம். அந்தச் சரிவைக் காட்டும் கோட்டை வைத்துக்கொண்டு, ஆணுறையை நம்பியவர்களும் ஒழுக்கப் பிரசாரத்தை நம்பியவர்களும் ஆளுக்கொரு வெற்றிக்கதை சொன்னார்கள். ஆனால் அந்தக் கோட்டை மட்டும் பார்த்து எதையும் சொல்லிவிட முடியாது.

ஒரு நாளில் எத்தனை பேர் உடலில் கிருமி இருக்கிறது என்பது பாதிப்பு விகிதம். ஓர் ஆண்டில் புதிதாக எத்தனை பேருக்குத் தொற்றுகிறது என்பது புதுத்தொற்று விகிதம். முன்னது ஏரியின் நீர்மட்டம்; பின்னது வரத்துக்கால். நீர்மட்டம் இறங்கினால் வரத்து குறைந்திருக்கலாம், அல்லது மதகு அகலத் திறந்திருக்கலாம். எச்.ஐ.வி.யில் அந்த மதகு மரணம்.

சிகிச்சை இல்லாத காலத்தில் கிருமி உடலில் நுழைந்ததிலிருந்து இறப்பு வரை சராசரியாகப் பத்தாண்டு ஆகும். 1980-களில் உகாண்டாவில் தொற்று காட்டுத்தீயாகப் பரவியது என்றால், 1990-களில் அந்தத் தலைமுறை கும்பல் கும்பலாக இறக்கத் தொடங்கும். பாதிப்பு விகிதமும் ‘முன்னேற்றம்’ காட்டும். இந்தக் கணக்கை யோசித்துப் பார்க்காமல் கைதட்டியவர்கள் நிறையப் பேர்.

அப்படியானால் பிரசாரமெல்லாம் வீணா? அதுவும் இல்லை. கர்ப்பிணிகளிடம் எடுத்த ரத்தப் பரிசோதனைகளில் இளம் பெண்களை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தார்கள். பதினெட்டு வயதுப் பெண்ணுக்குத் தொற்று இருந்தால் அது அண்மையில்தான் வந்திருக்கும். அவள் அதற்குள் எய்ட்ஸால் இறந்திருக்க வாய்ப்பு குறைவு. ஆகவே அந்த வயதில் விகிதம் குறைந்தால் வரத்தே குறைந்திருக்கிறது என்று நம்பலாம். உகாண்டாவில் 1990-களில் அது குறைந்தது.

காரணங்களும் கண்ணுக்குத் தெரிந்தவைதான். 1986-இல் ஆட்சிக்கு வந்த யோவேரி முசெவேனி, பயிற்சிக்காகக் கியூபாவுக்கு அனுப்பிய 60 வீரர்களில் 18 பேருக்குக் கிருமி இருப்பதாக ஃபிடல் காஸ்ட்ரோ சொன்னதைக் கேட்டு அதிர்ந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அதன் பிறகு மேடைதோறும் எய்ட்ஸ் பேசினார். நோரீன் கலீபாவும் தோழர்களும் 1987-இல் தொடங்கிய ‘டாசோ’ அமைப்பு நோயாளிகளைத் தேடிச் சென்றது. 1989-இல் புகழ்பெற்ற பாடகர் ஃபிலி லூடாயா தனக்கு எய்ட்ஸ் இருப்பதை வெளிப்படையாகச் சொல்லி, பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் பேசி, அந்த ஆண்டு இறுதியிலேயே இறந்தார். ‘வேலி தாண்டி மேயாதே’ என்கிற பொருளில் மாட்டுக்காரர்களின் மொழியிலேயே ஒரு முழக்கம் ஊரூராகப் பரவியது. எல்லாவற்றையும்விட, ஒவ்வொருவரும் தெரிந்த ஒருவரையாவது புதைத்திருந்தார்கள். எந்தச் சுவரொட்டிக்கும் அந்த வலு கிடையாது.

எத்தனை பங்கு வரத்து, எத்தனை பங்கு மதகு என்று பிரித்துச் சொல்ல வேறு வகை ஆய்வு வேண்டியிருந்தது. வழக்கமான ரத்தப் பரிசோதனை கிருமி இருப்பதைச் சொல்லும்; எப்போது வந்தது என்று சொல்லாது. ஒரே ஆளிடம் இரண்டு முறை ரத்தம் எடுத்தால்தான் இடைவெளியில் தொற்றியது தெரியும். கசென்செரோ அடங்கிய ரகாய் வட்டாரத்தில் 1994 முதல் அதைத்தான் செய்துவருகிறார்கள். முதலில் வீடு வீடாகத் தலைக்கணக்கு: யார் பிறந்தார், யார் இறந்தார், யார் ஊரைவிட்டுப் போனார். பிறகு 15 முதல் 49 வயதுக்காரர்களிடம் அந்தரங்கமான கேள்விகள். அதன்பின் கையில் ஊசி. ஓராண்டோ சற்றுக் கூடுதலோ கழித்து அதே ஆட்களிடம் மறுபடியும் போவார்கள். சலிப்பூட்டும் வேலை, அதன் மதிப்பும் அங்கேதான்.

2005-இல் பாஸ்டனில் நடந்த எச்.ஐ.வி. ஆய்வாளர் மாநாட்டில் ரகாய் குழு சொன்ன செய்தி பலருக்குக் கசந்தது. அந்தப் பத்தாண்டில் அவர்கள் பகுதியில் பாதிப்பு விகிதம் குறைந்ததற்குப் பெரும் பங்கு மரணம். புதுத்தொற்று அவ்வளவாகக் குறையவில்லை.

அதற்குச் சற்று முன்புதான் வைரஸைப் பெருகவிடாமல் அடக்கும் கூட்டு மருந்து சிகிச்சை ரகாய்க்கு வந்துசேர்ந்திருந்தது. மதகு மெல்ல மூடியது. 2011 கணக்கெடுப்பில் நாட்டின் விகிதம் 7.3 சதவீதமாக ஏறியதும் ‘உகாண்டா சறுக்கிவிட்டது’ என்று தலைப்புகள் வந்தன. சறுக்கலும் ஓரளவு உண்மைதான். ஆனால் அந்த ஏற்றத்தில் முன்பானால் இறந்திருக்க வேண்டியவர்களும் இருந்தார்கள். மாத்திரை விழுங்கிவிட்டுக் காலையில் வயலுக்குப் போன ஒவ்வொருவரும் அந்தச் சதவீதத்தை உயர்த்தியவர்தான்.

சிகிச்சை வரத்தையும் அடைக்கிறது என்பதற்கான முதல் வலுவான தடயமும் ரகாயிலிருந்தே வந்தது. கணவன் மனைவியில் ஒருவருக்கு மட்டும் கிருமி இருந்த 415 தம்பதிகளைப் பற்றிய ஆய்வு 2000-இல் வெளியானது. தொற்றுள்ளவரின் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 1,500-க்கும் குறைவான வைரஸ் இருந்த 51 தம்பதிகளில் ஒரு துணைக்குக்கூடத் தொற்றவில்லை. அன்று அந்தக் கிராமங்களில் மருந்து இல்லை. ஆய்வாளர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. மருந்தால் வைரஸைக் குறைத்தாலும் இதே பலன் கிடைக்குமா என்பதை ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதிகளிடம் சோதித்தார்கள். அந்த மையங்களில் சென்னையும் ஒன்று. உடனே சிகிச்சை தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைந்ததாக 2011-இல் முடிவு வந்தது.

ஆண்களுக்குச் செய்யும் சுன்னத்தும் இதில் சேர்ந்துகொண்டது. அது ஆண்களுக்குத் தொற்றும் வாய்ப்பைப் பாதியாகக் குறைப்பதை ரகாய், கென்யாவின் கிசுமு, தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்று இடங்களின் சோதனைகள் காட்டியிருந்தன. 2016 வாக்கில் ரகாயில் தொற்றுள்ளவர்களில் 69 சதவீதத்தினர் சிகிச்சையில் இருந்தார்கள். நூறு பேரை ஓராண்டு பின்தொடர்ந்தால் 1.17 பேருக்குத் தொற்றிய நிலை மாறி 0.66 ஆகியிருந்தது. ஆண்களுக்குக் கிடைத்த அளவு பலன் பெண்களுக்குக் கிடைக்கவில்லை. பெண்கள் மருந்தை ஒழுங்காக எடுத்தார்கள், அதனால் ஆண்கள் தப்பினார்கள். ஆண்கள் பரிசோதனைக்கே வரத் தயங்கினார்கள்.

ஏரிக்கரைக் கிராமங்கள் தனிக்கதை. அங்கே வயதுவந்தோரில் ஏறத்தாழ 40 சதவீதத்தினருக்குத் தொற்று. உள்நாட்டு விவசாயக் கிராமங்களில் 14 சதவீதம். மீனவர்களிடமிருந்துதான் நோய் ஊருக்குள் பரவுகிறது என்று எல்லோரும் முடிவுகட்டியிருந்தார்கள். வைரஸின் மரபணு வரிசைகளை ஒப்பிட்டு யாருடைய கிருமி யாருடையதிலிருந்து கிளைத்தது என்று தேடியபோது படம் தலைகீழானது: கரையிலிருந்து உள்ளே போனதைவிட உள்ளேயிருந்து கரைக்குப் போனதுதான் அதிகம் என்று 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. கரையில் மீன்பிடித்தால் அன்றன்றைக்குக் காசு. அதை நம்பி நாலாபக்கமிருந்தும் ஆட்கள் வந்து சேரும்போது சிலர் தொற்றோடும் வந்தார்கள். பழியை மட்டும் மீனவர்கள் சுமந்தார்கள்.

ஆண்டுக்கு இரண்டே ஊசியாகப் போடும் லெனகாபவிர் என்ற தடுப்பு மருந்தை தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் இளம் பெண்களிடம் சோதித்த முடிவு 2024-இல் வந்தது. மருந்து பெற்ற 2,134 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. அடுத்த ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது, உகாண்டாவின் எச்.ஐ.வி. சிகிச்சையில் பெரும்பகுதி அந்தப் பணத்தில் நடந்துவந்தது. மாத்திரை நின்றால் சில வாரங்களிலேயே ரத்தத்தில் வைரஸ் பழைய அளவுக்கு ஏறிவிடும். முதலில் புதுத்தொற்று கூடும். ரகாய் போன்ற இடங்களில் தொடர்ந்து ரத்தம் எடுத்தால் மட்டுமே அது தெரியும். மரணங்கள் அதன் பின்னால் வரும், அப்போது பாதிப்பு விகிதம் மறுபடியும் இறங்கக்கூடும்.