பட்டர்பிளைக்கு மேலே ஒரு சிறு துளை

1997 மாடல் மாருதி 800 வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிய பிறகு இரண்டு மெல்லிய ரப்பர் ஹோஸ்கள் மிச்சமாகி நின்றனவாம். மெக்கானிக் ஒன்றை ஏதோ ஒரு முனையில் சொருகிவிட்டு, இன்னொன்றின் வாயில் ஸ்க்ரூவைத் திருகி அடைத்துவிட்டார். வண்டி ஓடுகிறது, ஆனால் பிக்கப் இல்லை, மைலேஜும் விழுந்துவிட்டது. எந்த ஹோஸ் எங்கே போகவேண்டும் என்று கண்டுபிடிக்க வழி உண்டா என்பது அவர் கேள்வி.

உண்டு. ஒரு விரல் போதும். அந்த விரல் என்ன சொல்கிறது என்று புரியவேண்டுமானால் கார்புரேட்டருக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்கவேண்டும்.

1983 இறுதியில் வந்த மாருதி 800-இல் 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின். சென்னையின் யூகால் நிறுவனம் ஜப்பானிய மிக்குனியின் தொழில்நுட்பத்தோடு மாருதிக்கு கார்புரேட்டர் செய்து கொடுத்தது. 2000 வாக்கில், கம்ப்யூட்டர் கணக்குப்படி பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ முறை வந்ததும் கார்புரேட்டர் மெல்ல விடைபெற்றது. அதுவரை எஞ்சினுக்கு எவ்வளவு வேலை இருக்கிறது என்பதைக் கண்டறிய சென்சார், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. அந்த வேலையைச் செய்தவை இந்த ஹோஸ்கள்தான்.

பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை உள்ளே இழுக்கிறது. வழியில் பட்டர்பிளை என்று மெக்கானிக்குகள் சொல்லும் வட்டத்தகடு மூடியிருந்தால் போதுமான காற்று வருவதில்லை. அதனால் தகட்டுக்குக் கீழே, சிலிண்டர்களுக்குக் கலவையைப் பிரித்து அனுப்பும் குழாயான மேனிஃபோல்டில் அழுத்தம் குறைகிறது. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். நல்ல எஞ்சின் ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஓடிக்கொண்டு நிற்கும்போது, மேனிஃபோல்டின் அழுத்தம் அதைவிட 450 முதல் 500 மில்லிமீட்டர் வரை குறைவு. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் தகடு திறந்துகொள்ளும், காற்று தாராளமாகப் பாயும், இந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிடும். இந்த வித்தியாசத்துக்குத்தான் வேக்கம் என்று பெயர், வேக்கம் கேஜ் என்ற அளவுமானி காட்டுவதும் இதைத்தான். 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் வெளிக்காற்றே சுமார் 580 மில்லிமீட்டர்தான் என்பதால், அங்கே கேஜ் குறைவாகக் காட்டுகிறது என்று எஞ்சினைக் குறை சொல்லக்கூடாது.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கார்புரேட்டரின் தொண்டைச் சுவரில், மூடிய பட்டர்பிளையின் விளிம்புக்குச் சற்று மேலே, ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். அதிலிருந்து ஒரு ஹோஸ், ஒவ்வொரு சிலிண்டருக்கும் உரிய நேரத்தில் ஸ்பார்க்கை அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும். கால் எடுத்த நிலையில் இந்தத் துளை தகட்டுக்கு மேற்பக்கம், அதாவது ஏர் ஃபில்டர் பக்கம் இருக்கிறது. அங்கே வெறும் வெளிக்காற்றின் அழுத்தம், எனவே உறிஞ்சும் இழுவை இல்லை. லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்ததும் தகட்டின் விளிம்பு துளையைத் தாண்டி மேலே நகர்கிறது. இப்போது துளை மேனிஃபோல்டின் பக்கம் வந்துவிட்டது, பலமான இழுவை கிடைக்கிறது. முழுக்க மிதித்தால் மேனிஃபோல்டிலேயே இழுவை இல்லை, ஆகவே துளையிலும் இல்லை. நிற்கிறோம், சீராக ஓடுகிறோம், மேடு ஏறுகிறோம் என்ற மூன்று நிலைகளையும் ஒரே துளை பிரித்துச் சொல்லிவிடுகிறது. துளையை எந்த உயரத்தில் போடுவது என்று முடிவு செய்ததில்தான் அத்தனை பொறியியலும் அடங்கியிருக்கிறது. இதைவிடச் சிக்கனமான ஒரு கணக்குக் கருவியை நான் பார்த்ததில்லை.

டிஸ்ட்ரிபியூட்டருக்கு இந்தச் செய்தி எதற்கு? பெட்ரோல் கலவை ஒரே நொடியில் வெடித்து முடிவதில்லை, தீ பரவ நேரம் பிடிக்கும். அழுத்தத்தின் உச்சம், பிஸ்டன் மேல்முனையைத் தாண்டி சுமார் 15 டிகிரி இறங்கும்போது வந்தால் நல்லது. 3,000 ஆர்.பி.எம்-இல் ஒரு விநாடியில் எஞ்சின் 18,000 டிகிரி சுழல்கிறது, 10 டிகிரி கடக்க அரை மில்லிவிநாடிதான் ஆகும். பாதி திறந்த நிலையில் சிலிண்டருக்குள் வரும் கலவை அடர்த்தி குறைந்தது, பழைய புகையும் கொஞ்சம் கலந்திருக்கும். அதில் தீ மெதுவாகத்தான் பரவும், எனவே ஸ்பார்க்கைச் சீக்கிரமே கொடுக்கவேண்டும். முழுக்க மிதிக்கும்போது கலவை அடர்த்தியாகி வேகமாக எரியும். அப்போதும் அதே அளவு முன்கூட்டிக் கொடுத்தால் நாக்கிங்தான், கலவை கட்டுப்பாடின்றி வெடித்து எஞ்சின் தட்டும்.

டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் தட்டையான டப்பா ஒன்று இருக்கிறதே, அதற்குள் டயஃப்ரம் என்ற மெல்லிய சவ்வும் ஒரு ஸ்ப்ரிங்கும் உண்டு. ஹோஸ் வழியே இழுவை வந்தால் டயஃப்ரம் ஒரு கம்பியை இழுக்கும், கம்பி உள்தகட்டைத் திருப்பும், ஸ்பார்க் 10 முதல் 20 டிகிரி வரை முன்னால் வரும். இழுவை போனதும் ஸ்ப்ரிங் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும்.

வாசகரின் வண்டியில் அடைபட்டிருப்பது இந்த ஹோஸாகத்தான் இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். அதை மாட்டாமல் விட்டுவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஐடிலிங் நன்றாகவே நிற்கும், சத்தம் எதுவும் வராது. பிக்கப் மட்டும் குறையும், பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும்.

சரி, விரலுக்கு வருவோம். எஞ்சின் சூடான பிறகு ஐடிலிங்கில் விட்டு, கார்புரேட்டரின் காலி முனையை விரலால் மூடிப் பாருங்கள். உடனே விரலைப் பிடித்து இழுத்தால் அது மேனிஃபோல்ட் வேக்கம். இழுக்கவில்லை, லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்ததும் இழுக்கிறது என்றால் அதுதான் நாம் தேடும் துளை, பெரும்பாலான சிறிய கார்களில் டிஸ்ட்ரிபியூட்டர் ஹோஸ் அங்கேதான் போகும். ஃபேனும் பெல்ட்டும் சுற்றிக்கொண்டிருக்கும், தொங்கும் துணியும் சட்டைக் கையும் கவனம். சில கார்களில் பானட்டின் அடியில் ஹோஸ் படம் ஒட்டியிருக்கும். இருந்தால் அதுவே முதல் சாட்சி.

டயஃப்ரம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, எஞ்சினை அணைத்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்துவைத்து, ஹோஸின் மறுமுனையை வாயால் உறிஞ்சுங்கள். உள்தகடு நகரவேண்டும். நாக்கால் அடைத்தால் அங்கேயே நிற்கவேண்டும். நழுவித் திரும்பினால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது.

மேனிஃபோல்ட் பக்க ஹோஸ்கள் வேறு ரகம். ஏசி போட்டதும் ஆர்.பி.எம்-ஐத் தூக்கும் ஐடில் அப், பிரேக் மிதிப்பை லேசாக்கும் பூஸ்டர் உள்ள கார்களில் பிரேக்குக்குப் போகும் தடித்த குழாய் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்பும். அதில் ஒன்று வெடித்திருந்தால் எஞ்சின் ஏர் எடுக்கும், மிஸ்ஸிங் வரும், ஐடிலிங் ஏறி இறங்கும். ஒவ்வொரு ஹோஸையும் மெதுவாக நசுக்கிப் பாருங்கள், எதை நசுக்கும்போது எஞ்சின் சீராகிறதோ அந்த வழியில்தான் லீக். பிரேக் பூஸ்டருக்கு மட்டும் அதற்கென்றே செய்த ஹோஸ்தான் போடவேண்டும். சாதாரண பெட்ரோல் ட்யூப் இழுவையில் உள்ளே அமுங்கிவிடும், பிரேக் மிதிக்க மிதிக்கக் கல்லாகிவிடும்.

மைலேஜ் விழுந்தவர்களிடம் பெட்ரோல் பைப்பில் கட்டும் காந்தத்தை விற்க ஆட்கள் இருக்கிறார்கள். பெட்ரோல் காந்தத்துக்குக் கட்டுப்படும் பொருளே இல்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட எரிபொருள் சேமிப்புக் கருவிகளை நூற்றுக்குமேல் பரிசோதித்தது, மிகச் சிலவே ஏதோ கொஞ்சம் பயன் தந்தன. நம்மிடம் 1966-இல் தொடங்கிய புனேயின் வாகன ஆராய்ச்சி நிறுவனமான ஏ.ஆர்.ஏ.ஐ போன்ற நல்ல ஆய்வகம் இருக்கிறது. கடைத்தெருவில் விற்கும் இந்தச் சாமான்களையும் பொதுப்பணத்தில் பரிசோதித்து, முடிவைத் தமிழ் உட்பட எல்லா மொழிகளிலும் வெளியிட நிதி ஒதுக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் பழைய வண்டியை வைத்துப் பிழைப்பவர்கள்.

ஹோஸ்களை மாட்டும்போது முனை வெடித்திருந்தால் ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டுச் சொருகலாம். ரப்பர் முழுக்கக் கெட்டியாகிவிட்டிருந்தால் புதிது போடுங்கள். அப்புறம், டைமிங்கை, அதாவது ஸ்பார்க் விழும் நேரத்தை, சரிபார்க்கும்போது டிஸ்ட்ரிபியூட்டர் ஹோஸைக் கழற்றி முனையை அடைத்துக்கொள்ளுங்கள். டைமிங் சரியான பிறகு ஹோஸை மாட்டி, ஐடிலிங் ஸ்க்ரூவையும் கடைசியாகக் கலவையைத் திருத்தும் மிக்சர் ஸ்க்ரூவையும் தொடுங்கள். வரிசை மாறினால் லீக்கை ஸ்க்ரூவால் மறைத்ததாகத்தான் முடியும்.