தட்டுக்கு அரைக் கோப்பை, ஆர்டருக்கு ஒரு லாரி

அமெரிக்கப் பள்ளிகளின் மதிய உணவுக்கு அந்நாட்டு அரசு தரும் பொருளைக் கிலோவிலோ பெட்டியிலோ கேட்டு வாங்க முடியாது. லாரிக் கணக்கில்தான் பேச்சு. ஒரு முழு லாரி என்பது ஏறக்குறைய 40,000 பவுண்டு, அதாவது 18 டன். சாப்பிடும் பிள்ளைக்கு வேண்டியதோ அரைக் கோப்பைப் பழம், 28 கிராம் சீஸ். 18 டன்னை 28 கிராமாக்கும் வேலைக்காக அங்கே பெரியதொரு நிர்வாக இயந்திரம் ஆண்டு முழுவதும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கணக்குப் போட்டால் சிக்கல் எங்கே என்று தெரிந்துவிடும். பள்ளிச் சமையலறைக்குப் பழமும் காய்கறியும் 'பத்தாம் எண்' தகர டப்பாக்களில் வருகின்றன. டப்பா ஒன்று சுமார் 3 கிலோ. பெட்டிக்கு ஆறு டப்பா. அரைக் கோப்பை வீதம் ஒரு டப்பாவில் ஏறக்குறைய 25 பேருக்குப் பரிமாறலாம், ஒரு பெட்டியில் 150 பேருக்கு. லாரியில் சுமார் 900 பெட்டிகள் ஏறும். ஆக 1,35,000 பேருக்கான பழம். 2,000 பிள்ளைகள் சாப்பிடும் ஒரு சிறிய பள்ளி மாவட்டம் (ஒரு வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) ஒரு லாரி பீச் டப்பா வாங்கிவிட்டால், அத்தனை பேருக்கும் 67 முறை பீச் போடலாம். பள்ளி நடப்பதே ஆண்டுக்குச் சுமார் 180 நாள்தான். மூன்று நாளைக்கு ஒரு முறை பீச் என்றால் பிள்ளைகள் ஒரு மாதத்துக்குள் தட்டைத் தள்ளிவிடுவார்கள்.

இவ்வளவு முரட்டுத்தனமான அளவு எதற்கு? திட்டம் பிறந்த கதையில் விடை இருக்கிறது. 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் விளைபொருள் விலை அடிமட்டத்துக்குப் போனது. வரத்தைக் குறைத்தால் விலை ஏறும் என்று நம்பி 1933-இல் அரசே சுமார் 60 லட்சம் பன்றிகளை வாங்கிக் கொன்றது. ரொட்டிக்கு மக்கள் வரிசையில் நின்ற காலம் அது, நாடே கொதித்தது. அதே ஆண்டில், உபரியை அழிப்பதற்குப் பதிலாக வாங்கி இல்லாதவர்களுக்குக் கொடுப்பதற்கென்று ஒரு கழகம் அமைக்கப்பட்டது. 1935-இல் அதற்கு நிரந்தர வருமானமும் கிடைத்தது. அந்த ஆண்டின் வேளாண் சட்டத்தில் 32-ஆம் பிரிவு, சுங்க வரி வசூலில் 30 சதவீதத்துக்கு நிகரான தொகையை வேளாண் துறைக்கு ஒதுக்கியது. அந்தப் பிரிவு இன்றும் உயிரோடு இருக்கிறது. இறக்குமதியாகும் சரக்கின் மேல் விழும் வரி, உள்நாட்டுக் கோழியாகவும் பீன்ஸாகவும் மாறிப் பள்ளித் தட்டுக்கு வருகிறது.

1946 ஜூன் 4 அன்று அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்ட தேசியப் பள்ளி மதிய உணவுச் சட்டம் தன் முகவுரையிலேயே இரண்டு நோக்கங்களையும் சொல்லிவிட்டது: பிள்ளைகளின் உடல்நலம், உள்நாட்டு விளைபொருளின் நுகர்வு. உழவருக்குச் சந்தையும் வேண்டும், பிள்ளைக்குச் சாப்பாடும் வேண்டும். இந்த இரட்டை நோக்கம்தான் லாரியின் வேர். சந்தையில் தேங்கும் உபரியைத் துடைக்கக் கிளம்பியவர்கள் கூடையில் வாங்க மாட்டார்கள்.

இன்று இத்திட்டத்தில் நாளொன்றுக்குச் சுமார் மூன்று கோடிப் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். பள்ளிகளுக்கு அரசின் உதவி இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று ரொக்கம்: பரிமாறிய ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் இவ்வளவு என்று, குடும்ப வருமானத்தைப் பொறுத்து மூன்று விகிதங்களில். மற்றொன்று பொருள். மொத்த உதவியில் குறைந்தது 12 சதவீதம் பொருளாகவே இருக்க வேண்டும் என்கிறது சட்டம். தட்டில் விழும் உணவில் ஏறக்குறைய 15 முதல் 20 சதவீதம்தான் இப்படி அரசுப் பொருளாக வருவது. மிச்சத்தைப் பள்ளி மாவட்டங்கள் கையிலிருக்கும் பணத்தில் ஒப்பந்தப்புள்ளி கோரி வெளிச்சந்தையில் வாங்குகின்றன. 'எல்லாவற்றையும் அரசே கொடுத்துவிடுகிறது' என்று அங்கேயே பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல.

பொருளை எப்படிப் பங்கிடுகிறார்கள்? சென்ற கல்வியாண்டில் ஒரு மாவட்டம் எத்தனை மதிய உணவு பரிமாறியது என்று எண்ணி, சாப்பாடு ஒன்றுக்கு இத்தனை சென்ட் என்ற விகிதத்தால் பெருக்குகிறார்கள். விலைவாசிக் குறியீட்டை ஒட்டி விகிதம் ஆண்டுதோறும் மாறும். கிடைக்கும் தொகைதான் அந்த மாவட்டத்தின் ஒதுக்கீடு. தொகை டாலரில் இருந்தாலும் அதைப் பணமாக எடுக்க முடியாது. வேளாண் துறையின் பட்டியலில் இருக்கும் இருநூறுக்கு மேற்பட்ட பொருள்களில் மட்டுமே செலவழிக்கலாம். மாட்டிறைச்சி, கோழி, சீஸ், பீன்ஸ், மாவு, உறைந்த காய்கறி, டப்பாப் பழம் என்று போகும் அந்தப் பட்டியலில் எல்லாம் உள்நாட்டில் விளைந்தவை. ஏதாவது ஒரு விளைச்சல் சந்தையில் மிதமிஞ்சிப் போனால் அரசு அதை வாங்கி 'போனஸ்' என்று தனியாகக் கொடுக்கும். அது ஒதுக்கீட்டில் கழியாது.

அடுத்த ஆண்டு பிள்ளைகள் என்ன சாப்பிடுவார்கள் என்பதைக் குளிர்காலத்திலேயே சொல்லிவிட வேண்டும். கல்வியாண்டின் கணக்கு ஜூலை 1-இல் தொடங்குகிறது. ஆர்டர்களோ அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே போயாக வேண்டும். மாவட்ட உணவு இயக்குநர் பழைய சாப்பாட்டு எண்ணிக்கை, மீந்துபோன பெட்டிகள், வரப்போகும் உணவுப்பட்டியல் ஆகியவற்றை முன்னால் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொருளுக்கும் எத்தனை பெட்டி என்று நிரப்புகிறார். மாநில முகமை எல்லா மாவட்டங்களின் கேட்பையும் கூட்டி முழு லாரிகளாகத் திரட்டுகிறது. லாரி நிறையவில்லை என்றால் அந்த ஆர்டரே விழுந்துவிடலாம். அவரவர் ருசிக்குக் கேட்கலாம் என்று விதி சொல்கிறது. ஆனால் பக்கத்து மாவட்டமும் அதையே கேட்டால்தான் உங்களுக்குக் கிடைக்கும்.

வாங்குவது மத்தியில் நடக்கிறது. வேளாண் துறைக்குள் ஒரு பிரிவு திட்டத்தை நடத்துகிறது. சந்தைப்படுத்தல் பிரிவு ஒப்பந்தப்புள்ளி விட்டு வாங்குகிறது. தகுதி பெற்ற நிறுவனங்கள்தான் கலந்துகொள்ளலாம். கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவையும் உள்ளடக்கிய விலையைத்தான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். தர விவரக்குறிப்பு கறாரானது: டப்பாக் காய்கறியில் அரைக் கோப்பைக்கு 140 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் கூடாது, பழம் தண்ணீரிலோ சாற்றிலோ மிக நீர்த்த பாகிலோ இருக்க வேண்டும். உபரியைக் கொட்டும் இடம் என்று பள்ளிகளை ஒரு காலத்தில் கேலி செய்தார்கள். பொருளின் தரத்தை மட்டும் பார்த்தால் அந்தக் கேலி இன்று செல்லாது. ஏலத்தில் யாரும் வரவில்லை என்றால்தான் தொல்லை. ஆர்டர் ரத்தாகும், ஒதுக்கீட்டுத் தொகை கணக்குக்குத் திரும்பும், உணவு இயக்குநர் ஏற்கெனவே அச்சடித்த உணவுப்பட்டியலோடு நிற்பார்.

சரக்கு வந்து இறங்கும் நேரத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். மாதத்தின் முதல் பாதி அல்லது இரண்டாம் பாதி என்றுதான் ஒப்பந்தத்தில் தவணை இருக்கும்; நாளும் நேரமும் பிறகு பேசி முடிவாகும். லாரி வந்ததும் கதவைத் திறக்கக் கூடாது. முதலில் கதவில் மாட்டியிருக்கும் முத்திரையின் எண்ணைச் சரக்குச் சீட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். எண் மாறியிருந்தாலோ முத்திரை உடைந்திருந்தாலோ இறக்குவதை நிறுத்திவிட்டு மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும். எண் பொருந்தினால் கதவு திறக்கும். உறைந்த சரக்கு என்றால் வெப்பமானி. மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டிய கோழி வழியில் ஒருமுறை உருகி மறுபடி உறைந்திருக்கலாம். வெப்பமானி அதைக் காட்டாது, அட்டைப் பெட்டி காட்டும். அடிப்பக்கத்தில் ஈரக் கறை, பெட்டிக்குள் ஒரு மூலையில் கட்டியாகத் தேங்கிய பனி, ஒன்றோடொன்று ஒட்டிப்போன துண்டுகள். அனுபவமுள்ள கிடங்குக்காரர் மேல் அடுக்கைப் பார்ப்பதோடு விட மாட்டார். நடுவிலிருந்து ஒரு பெட்டியை உருவச் சொல்வார். பிறகு பெட்டிகளை எண்ணி, குறைவும் சேதமும் இருந்தால் சீட்டிலேயே எழுதிக் கையெழுத்து. ஆலையில் எந்தத் தொகுதியாகத் தயாரானது என்று காட்டும் லாட் எண்ணும் பதிவாகும்.

அந்த எண்ணின் அருமை 2008 பிப்ரவரியில் தெரிந்தது. கலிபோர்னியாவில் ஓர் இறைச்சி ஆலையில், எழுந்து நிற்க முடியாத மாடுகளை வதைத்து அறுவைக்குத் தள்ளும் ரகசியக் காணொளி வெளியானதை அடுத்து, 14.3 கோடி பவுண்டு மாட்டிறைச்சி திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்க வரலாற்றில் அதுவரை அவ்வளவு பெரிய இறைச்சித் திரும்பப்பெறல் நடந்ததில்லை. அதில் கணிசமான ஒரு பகுதி பள்ளி மதிய உணவு உள்ளிட்ட அரசுத் திட்டங்களுக்குப் போயிருந்தது. ஒரே ஆலையிடம் லாரி லாரியாக வாங்கினால் விலை குறையும். ஆலையில் தவறு நடந்தால் அதே வேகத்தில் அது நாடு முழுவதும் பரவியும் விடும். அப்போது லாட் எண் எழுதி வைத்திருந்த கிடங்கு தன் பெட்டிகளைத் தேடி ஒதுக்கிவிடலாம். எழுதி வைக்காதவர் இருந்த இறைச்சி முழுவதையும் முடக்க வேண்டியதுதான்.

லாரிக்கும் தட்டுக்கும் இடையிலான தூரத்தைக் குறைக்கச் சில உபாயங்கள் உண்டு. எளிமையானது கூட்டுச் சேர்வது. பத்து, இருபது சிறு மாவட்டங்கள் கூட்டமைப்பாகி ஒரு லாரியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. சரக்கு பொதுக் கிடங்கில் இறங்கும். அங்கிருந்து வாரம்தோறும் வேண்டிய பெட்டிகள் மட்டும் பள்ளிக்கு வரும். கிடங்குக் கட்டணமும் வண்டிக் கட்டணமும் பெட்டிக்கு இவ்வளவு என்று மாவட்டத்தின் தலையில் விழும். ஆக 'இலவச' பீச் முற்றிலும் இலவசம் அல்ல.

அடுத்த உபாயம்தான் இந்தத் திட்டத்திலேயே மிகச் சுவையான பகுதி. பதினெட்டு டன் சீஸ் கட்டிகளை வாங்கி வைத்து எந்தப் பள்ளிச் சமையலறையும் என்ன செய்யும்? அதனால் சீஸ், தக்காளி விழுது, மொத்தக் கோழி, உருளைக்கிழங்கு ஆகியவற்றை நேரே உணவு ஆலைகளுக்கு அனுப்பிவிடலாம். ஆலை அதைப் பீட்சாவாகவோ கோழித் துண்டுகளாகவோ செய்து தரும். பள்ளி கட்டும் விலையில் அரசுப் பொருளின் மதிப்பு கழிந்தாக வேண்டும். ஒரு பெட்டிப் பீட்சாவின் சந்தை விலை 50 டாலர் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 4 பவுண்டு அரசு சீஸ், பவுண்டு 2 டாலர் என்று மதிப்பு நிர்ணயம். பள்ளி 42 டாலர் கட்டும், மீதி 8 டாலர் அதன் ஒதுக்கீட்டிலிருந்து கழியும். பில்லிலேயே கழித்துத் தரலாம், அல்லது முழு விலையையும் வாங்கிவிட்டுப் பின்னால் திருப்பித் தரலாம். இரண்டு முறைகளும் வழக்கில் உள்ளன.

இதில் ஓர் அழகான தந்திரம் ஒளிந்திருக்கிறது. அரசு அனுப்பிய அதே சீஸ்தான் அந்தப் பள்ளியின் பீட்சாவில் இருக்க வேண்டும் என்பதில்லை. தரத்தில் குறையாத உள்நாட்டுச் சீஸை ஆலை தன் கையிருப்பிலிருந்து போடலாம். வங்கியில் போட்ட அதே நோட்டு திரும்பி வருவதில்லையே, அதுபோல. பெற்றுக்கொண்ட அளவு முழுவதும் பண்டமாக வெளியேறியிருக்க வேண்டும், ஒரு பவுண்டுகூட மறையக் கூடாது என்பதுதான் நிபந்தனை. அதற்காக ஆலைகள் உத்தரவாதப் பத்திரமும் கொடுக்க வேண்டும். ஆக லாரி இங்கே வெறும் கணக்குப் பேரேடாகிவிடுகிறது. மாவட்டத்துக்கு ஒரு பெட்டி பீட்சா போதுமென்றால் ஒரு பெட்டி வாங்கலாம். இதற்கு விலையும் உண்டு. சமையலறையில் சமைப்பது குறைந்து, உறையிலிருந்து எடுத்துச் சூடாக்குவது பெருகியதில் இந்த வசதிக்கும் பங்கு உண்டு என்றே எனக்குப் படுகிறது.

பசுமையான பழமும் காயும் லாரிக் கணக்குக்கு ஒத்துவருவதே இல்லை. கீரை மூன்று மாதம் கிடங்கில் இருக்காது. இதற்குக் கிடைத்த விடை சற்றும் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது: ராணுவம். படைமுகாம்களுக்கு வாரந்தோறும் பசுங்காய் அனுப்பும் ஏற்பாடு பாதுகாப்புத் துறையிடம் ஏற்கெனவே இருந்தது. 1990-களின் நடுப்பகுதியில் சில மாநிலங்களில் அதே வண்டிகளைப் பள்ளிகளுக்கும் திருப்பிப் பார்த்தார்கள், நன்றாக ஓடியது. இப்போது மாவட்டங்கள் ஒதுக்கீட்டில் ஒரு பங்கை அங்கே மாற்றிக்கொண்டு, அந்தந்த வாரத்துக்கு வேண்டிய ஆப்பிளையும் கேரட்டையும் பெட்டிக் கணக்கில் இணையத்தில் ஆர்டர் செய்கின்றன. உணவு இயக்குநர்களுக்கு இதன்மேல் தனிப் பிரியம் இருந்தால் வியப்பதற்கில்லை. குளிர்காலத்தில் உட்கார்ந்து ஆரூடம் சொல்ல வேண்டிய தேவை இதில் குறைவு.

லாரியே வேண்டாம் என்று விலகிய மாநிலமும் ஒன்று உண்டு. 1974-க்கு முன்பே பொருள் வழங்கும் ஏற்பாட்டைக் கலைத்துவிட்டிருந்த கன்சாஸ் மாநிலத்துக்கு மட்டும் சட்டம் விலக்கு அளித்தது. மற்ற மாநிலங்களுக்குப் பொருளாக வருவது அங்கே ரொக்கமாகவே போகிறது. அதைக் கொண்டு கன்சாஸ் பள்ளிகள் தாங்கள் விரும்பியதை வேண்டிய அளவில் வாங்கிக்கொள்கின்றன. பணத்தில் சுதந்திரம் அதிகம். ஆனால் நாடு முழுவதற்குமாக ஒரே கையில் பேரம் பேசி வாங்கும்போது கிடைக்கும் விலை தனி மாவட்டத்துக்குக் கிடைப்பது கடினம். எல்லா மாநிலங்களுக்கும் ரொக்கம் கொடுத்துவிட்டால் 32-ஆம் பிரிவை வைத்து உபரியைத் துடைக்கும் வேலை என்னாகும் என்ற கேள்வியும் எழும். அந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் சமையலறைக்காரர்கள் அல்லர், பண்ணைக்காரர்கள்.